சூரியகாந்தியின் நோய் எதிர்ப்பு: எந்த நோய்க்கு எதிராக?

வாசகர் கேள்வி, ஜூன் 3

"சூரியகாந்தியில் பூஞ்சை வந்துவிட்டால் செடியால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு ரத்தம் இல்லை, வெள்ளை அணு இல்லை, காய்ச்சலும் வராது. மருந்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் பிடுங்கிப் போட வேண்டும். 'நோய் எதிர்ப்பு ரகம்' என்று விதைப் பையில் அச்சடிப்பதெல்லாம் விளம்பரம். அப்படிப்பட்ட ரகத்தைத்தான் விதைத்தேன், பாதிப் பூக்கொண்டைகள் அழுகிப் போயின. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்."

ஜூன் 3, இரவு

இருக்கிறது. வெள்ளை அணு இல்லை என்பது சரி. அதனால்தான் செடியின் ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதிரியை அடையாளம் காண்பது, எச்சரிக்கை கொடுப்பது, நஞ்சு தயாரிப்பது, தேவைப்பட்டால் செத்துப்போவது எல்லாமே அந்தந்த செல்லின் வேலை.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். பையில் எந்த நோய்க்கு எதிர்ப்பு என்று போட்டிருந்தது?

ஜூன் 4

பதில் வரும்வரை இலையின் மேற்பரப்பிலிருந்து தொடங்குகிறேன்.

சூரியகாந்தி இலையை விரலால் தேய்த்துப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிசுபிசுப்பும் காட்டமான வாசனையும் தெரியும். சொரசொரப்பாகக் குத்தும் முடிகள் வேறு. அவற்றுக்கு நடுவே கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சுரப்பு முடிகள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் செஸ்குவிடெர்பீன் லாக்டோன் என்ற கசப்புப் பொருட்கள் சேர்ந்திருக்கும். பூச்சிகளுக்கும் பிடிக்காது, பல பூஞ்சைகளுக்கும் ஆகாது. இலையில் மட்டுமில்லை, பூவின் மகரந்தப் பைகளின் நுனியிலும் இந்தச் சுரப்பிகள் உண்டு. ஒரு தோட்டத்தில் நிற்கும் சூரியகாந்தியின் மீது நாள் முழுவதும் எத்தனையோ வகைப் பூஞ்சைகளின் ஸ்போர்கள் (விதை போலப் பரவும் நுண்துகள்கள்) விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஒன்றும் செய்ய முடியாமல் அங்கேயே காய்ந்து போகின்றன. நாம் "நோய்" என்று பார்ப்பது, இத்தனை தடைகளையும் தாண்டப் பழகிவிட்ட சிலவற்றை மட்டும்தான்.

செடி தோற்ற இடங்கள்தான் நம் கண்ணில் படுகின்றன, ஜெயித்த இடங்களில் பார்க்க ஒன்றுமே இருக்காது. அதனால் செடியின் மீது நமக்கு ஒரு தவறான எண்ணம் வந்துவிடுகிறது என்பது என் கட்சி.

ஜூன் 5

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார்: "அடிச்சாம்பல் நோய்க்கு எதிர்ப்பு என்று போட்டிருந்தது. பூஞ்சை பூஞ்சைதானே?"

இல்லை. முழு விவகாரமும் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அடிச்சாம்பல் நோயைக் கொண்டுவருவது பிளாஸ்மோபாரா ஹால்ஸ்டெடி. கறாராகச் சொன்னால் இது பூஞ்சையே இல்லை, ஊமைசீட் என்ற வேறு குலம். பூஞ்சைகளின் செல்சுவரில் கைட்டின் இருக்கும், இதன் சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ். இதற்கென்று விதையில் கலக்கும் மெட்டலாக்சில் என்ற மருந்து, துரு நோயையோ கொண்டை அழுகலையோ தொடாது. பார்க்கப் பூஞ்சை போலவே இருப்பதால் பேச்சில் எல்லோரும் பூஞ்சை என்றே சொல்கிறோம், நானும் இந்த இழையில் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

இது மண்ணிலிருந்து வருகிறது. ஈரம் கிடைத்ததும் நீந்தும் ஸ்போர்கள் வெளிவந்து, முளைத்துவரும் நாற்றின் வேருக்குள் நுழைகின்றன. எதிர்ப்பில்லாத செடியில் தண்டு வழியே மேலேறி முழுச் செடியையும் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பார்த்தால் மறக்காது: குட்டையாக நின்றுபோன செடி, நரம்புகளை ஒட்டி வெளிறிய இலை, இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பஞ்சு. பக்கத்துச் செடி ஆள் உயரம் நிற்கும், இது முழங்கால் உயரத்தில் பூத்து, தலையை நேராக வானத்தைப் பார்த்து வைத்திருக்கும். அந்தக் கொண்டையைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன், உள்ளே பெரும்பாலும் பதர்.

எதிர்ப்புள்ள செடியில் என்ன நடக்கிறது? கிருமி நுழையத்தான் செய்கிறது. நுழைந்ததும் அது செல்லுக்குள் சில புரதங்களை அனுப்புகிறது, செடியின் பாதுகாப்பை முடக்குவதற்காக. அந்தப் புரதங்களையோ அவை செய்யும் சேதத்தையோ உணரும் காவல் புரதங்கள் செடியின் செல்லுக்குள் இருக்கின்றன. இவற்றை எழுதிவைத்திருக்கும் மரபணுக்களுக்கு பி.எல். என்று பெயரிட்டு எண் கொடுத்திருக்கிறார்கள். காவல் புரதம் உணர்ந்துவிட்டால் அந்த செல்லும் அதைச் சுற்றியுள்ள செல்களும் வேகமாகத் தங்களைத் தாங்களே சாகடித்துக்கொள்கின்றன. கிருமி உயிருள்ள செல்லில் மட்டுமே உணவு உறிஞ்சி வாழக்கூடியது. சுற்றிலும் பிணம் விழுந்துவிட்டால் அதற்கு அடுத்த வேளைச் சோறு இல்லை.

சில ரகங்களில் இந்தத் தடுப்பு வேரிலேயோ அடித்தண்டிலேயோ முடிந்துவிடும். வேறு சிலவற்றில் கிருமி விதையிலை வரை ஏறி, அங்கே வெள்ளையாகப் பூக்கக்கூடச் செய்யும். ஆனால் அதற்கு மேல் வரும் உண்மை இலைகள் சுத்தமாக இருக்கும். விதையிலையில் வெள்ளையைப் பார்த்துப் பதறி நாற்றைப் பிடுங்குபவர்கள் ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: உங்கள் வயலில் அடிச்சாம்பல் வந்ததா? குட்டைச் செடிகள் இல்லையென்றால் பையில் எழுதியிருந்தது உண்மைதான். அது காப்பதாகச் சொன்ன நோயிலிருந்து காத்துவிட்டது. கொண்டையை அழுகவைத்தது வேறு ஆள்.

ஜூன் 7

"அப்படியானால் சில வருடங்களில் அந்த எதிர்ப்பு ஏன் உடைந்துபோகிறது?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

காவல் புரதம் ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைத்தான் தேடுகிறது. கிருமி அந்த அடையாளத்தை மாற்றிக்கொண்டாலோ கைவிட்டாலோ காவலுக்கு ஆள் தெரியாது. செடியின் ஒரு மரபணுவுக்கு எதிராகக் கிருமியின் ஒரு மரபணு என்ற இந்தக் கணக்கை 1940களில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஹெச். ஹெச். ஃப்ளோர் ஆளி விதைச் செடியின் துரு நோயை வைத்துக் கண்டுபிடித்தார். சூரியகாந்தியிலும் அதே கதைதான்.

அடிச்சாம்பல் கிருமியின் இனங்களுக்கு 100, 300, 710, 730 என்று மூன்று இலக்கப் பெயர்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இவை வரிசை எண்கள் இல்லை. மூன்று மூன்றாகப் பிரித்த ஒன்பது சோதனை ரகங்களில் எவையெவை நோய்க்கு விழுகின்றன என்பதன் சுருக்கம். ஒவ்வொரு குழுவிலும் முதல் ரகம் விழுந்தால் 1, இரண்டாவது விழுந்தால் 2, மூன்றாவது விழுந்தால் 4, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 700 என்றால் முதல் மூன்றும் விழுந்தன, மற்ற ஆறும் நின்றன. இது தெரிந்தால் ஒரு ரகத்தின் குறிப்பைப் படிப்பது சுலபம். எந்த இனத்துக்கு எதிர்ப்பு என்று எண் போடாமல் பொதுவாக "எதிர்ப்பு" என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்குத் திருப்தி வருவதில்லை.

மருந்துக்கும் இதே கதிதான். 1990களில் ஐரோப்பாவில் மெட்டலாக்சிலுக்கு அடங்காத அடிச்சாம்பல் தலையெடுத்தது. மரபணுவோ மருந்தோ, ஒன்றையே நம்பினால் கிருமி அந்த ஒன்றைத் தாண்டினால் போதும்.

புதிய எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? காட்டு உறவினர்களிடமிருந்து. சூரியகாந்தி சேர்ந்த ஹீலியாந்தஸ் பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன, எல்லாமே வட அமெரிக்கக் காடுமேடுகளைச் சேர்ந்தவை. அடிச்சாம்பல் கிருமியும் அதே நிலத்தில் தோன்றியதுதான். நெடுங்காலம் இரண்டும் மோதிக்கொண்டே இருந்ததால் காட்டுச் செடிகளிடம் விதவிதமான காவல் மரபணுக்கள் சேர்ந்திருக்கின்றன. வெள்ளிப் பட்டு போன்ற இலையுள்ள ஹீலியாந்தஸ் ஆர்கோபில்லஸிலிருந்து வந்த பி.எல். ஏ.ஆர்.ஜி. என்ற மரபணு பல இனங்களுக்கு எதிராக நன்றாக நின்றிருக்கிறது. ஒரு நல்ல எண்ணெய் ரகத்தின் பின்னால் எண்ணெய்க்கே உதவாத ஒரு களைச்செடி நிற்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அந்தக் களைகள் வளரும் இடங்கள் அழிந்தால் நாளைய மரபணுக்களும் அழியும்.

ஜூன் 10

இப்போது கொண்டை அழுகல். கேட்டவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கொண்டையின் பின்புறம் வெளிறிய பழுப்பாக நீர்கோத்த திட்டு, உள்ளே பஞ்சுத் தசை கரைந்து நார் மட்டும் துடைப்பம் போலத் தொங்குகிறது, நடுவே கறுப்புக் கட்டிகள். ஸ்கிளிரோட்டினியா ஸ்கிளிரோஷியோரம் என்ற பூஞ்சை, சந்தேகமே இல்லை.

இது வாழும் முறை நேரெதிர். அடிச்சாம்பலுக்கு உயிருள்ள செல் வேண்டும், இதற்குச் செத்த செல் வேண்டும். முதலில் கொல்லும், பிறகு தின்னும். நானூறுக்கு மேற்பட்ட தாவர இனங்களைப் பிடிக்கும். கொல்வதற்கு அது கையாளும் முக்கிய ஆயுதம் ஆக்சாலிக் அமிலம். இந்த அமிலம் செல்சுவரைப் பிடித்துவைக்கும் கால்சியத்தை உருவிக்கொள்கிறது, சுற்றுப்புறத்தைப் புளிப்பாக்கிப் பூஞ்சையின் செரிமான நொதிகளுக்கு வசதி செய்துகொடுக்கிறது, தொடக்கத்தில் செடியின் எச்சரிக்கையையே அமுக்குகிறது. பிறகு செல்லின் தற்கொலை ஏற்பாட்டைத் தானே தூண்டிவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். அடிச்சாம்பலிடமிருந்து காப்பாற்றிய அதே செல் சாவு, இங்கே எதிரிக்கு விருந்து. செத்துப் போவதால் தடுக்க முடியாத எதிரியிடம் செத்துப் போவது அவனுக்குக் கதவைத் திறந்துவிடுவதுதான்.

இதற்கு அழகான சான்று ஒன்று உண்டு, சூரியகாந்தியில் இல்லை, புகையிலையில். 2001-ல் வெளியான ஆய்வு. விலங்குகளின் செல்கள் தற்கொலை செய்துகொள்வதைத் தடுக்கும் மரபணுக்களை (மனிதனிடமிருந்து ஒன்று, ஒரு புழுவிடமிருந்து ஒன்று, இப்படி) புகையிலையில் புகுத்தினார்கள். செடியின் செல்கள் சாக மறுத்தன. ஸ்கிளிரோட்டினியாவால் அந்தச் செடிகளை வெல்ல முடியவில்லை. செடியில் ஒரு நஞ்சுகூட புதிதாகச் சேர்க்கப்படவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

அதனால்தான் இந்தப் பூஞ்சைக்கு எதிராக ஒரே மரபணுவால் முழுக் காவல் கிடைப்பதில்லை. சூரியகாந்தி ரகங்களிடையே வித்தியாசம் உண்டு, சில சீக்கிரம் சாயும், சில வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது பல சிறு மரபணுக்கள் சேர்ந்து கொடுக்கும் தாமதம். கொண்டையிலுள்ள பீனால் பொருட்களின் அளவும் அதில் ஒரு பங்கு. "முழு எதிர்ப்பு" என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். இந்த ஒரு இடத்தில் கேட்டவரின் சந்தேகத்தோடு நான் உடன்படுகிறேன்.

ஜூன் 11

"அமிலம்தான் ஆயுதம் என்றால் அமிலத்தை உடைக்கும் நொதியைச் செடிக்குக் கொடுக்கலாமே?"

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கோதுமையிலுள்ள ஆக்சாலேட் ஆக்சிடேஸ் மரபணுவைச் சூரியகாந்தியில் வைத்த ஆய்வு 2003-ல் வந்தது. செடி ஸ்கிளிரோட்டினியாவை நன்றாகவே எதிர்த்தது. அந்த நொதி ஆக்சாலிக் அமிலத்தை உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது, அதுவே செடிக்கு ஓர் அபாய மணி. விளைவு, நோயே இல்லாதபோதும் செடியின் பாதுகாப்பு விழித்துக்கொண்டே இருந்தது, இலைகளில் நோய்ப்புள்ளி போன்ற திட்டுகளும் வந்தன. எப்போதும் போருக்குத் தயாராக இருப்பது செடிக்கு இலவசமாகக் கிடைப்பதில்லை.

ஜூன் 15

துரு நோய் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

துருவைக் கொண்டுவரும் பக்சினியா ஹீலியாந்தி தன் ஐந்து வகை ஸ்போர்களையும் சூரியகாந்தியிலேயே முடித்துக்கொள்கிறது. கோதுமையின் கருந்துருவைப் போல இன்னொரு செடியைத் தேடிப் போவதில்லை. இலையில் அந்தச் செம்பழுப்புக் கொப்புளங்களைத் தொட்டால் விரலில் பொடி ஒட்டும். துருவின் ஸ்போர் இலையில் முளைத்து, இழையை நீட்டி, இலைத்துளையைக் கண்டுபிடித்து அதன் மேல் ஒரு பிடிப்பு உறுப்பை அமைத்துத்தான் உள்ளே போகும். சில ரகங்களில் இந்தப் பயணமே நடுவில் நின்றுவிடுகிறது. காரணம் கூமரின்கள்: ஸ்கோபோலெட்டின், அயாப்பின் என்ற சிறு மூலக்கூறுகள். தாக்குதல் வரும்போது செடி இவற்றை அதிகமாகத் தயாரிக்கிறது, இலையின் மேல்பரப்புக்கும் கசியவிடுகிறது. ஸ்கோபோலெட்டின் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். அதனால் செடி எங்கே நஞ்சைக் குவித்திருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் வெளிச்சமாகவே பார்க்கலாம். காவல் நடப்பதைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அரிய இடங்களில் இது ஒன்று.

இன்னொரு விஷயம். அசிபென்சோலார் எஸ் மெத்தில் என்ற மருந்து இருக்கிறது. மற்ற மருந்துகள் போலப் பூஞ்சையை நேரடியாகக் கொல்வதற்காகச் செய்யப்பட்டதில்லை. செடிக்குள் எச்சரிக்கையைக் கடத்தும் வழிகளில் ஒன்றான சாலிசிலிக் அமிலப் பாதையைத் தட்டி எழுப்பும். இதைத் தெளித்த சூரியகாந்தியின் இலைப்பரப்பில் கூமரின்கள் கூடியதையும் துரு குறைந்ததையும் 2002-ல் வந்த ஆய்வு காட்டியது. "மருந்தா, செடியின் சக்தியா" என்று இரண்டாகப் பிரித்துப் பேசுபவர்கள் இதை எந்தப் பக்கம் வைப்பார்கள்?

கூமரின்களும் கடைசிச் சொல் இல்லை. ஸ்கோபோலெட்டினையும் அயாப்பினையும் உடைத்துச் செரித்துவிடும் பூஞ்சைகள் உண்டு என்று 1986-லேயே எழுதியிருக்கிறார்கள். செடி நஞ்சு வைக்கிறது, எதிரி முறிமருந்து கற்றுக்கொள்கிறது.

ஜூன் 16

இந்த இழையில் நான் எழுதுவதிலேயே எனக்கு மிகவும் வியப்பானது இதுதான்.

2017-ல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா ஆய்வாளர்கள் சூரியகாந்தி நாற்றுகளின் செல்களுக்கு வெளியே இருக்கும் நீரைச் சேகரித்தார்கள். அதில் சவ்வால் மூடிய மிக நுண்ணிய பைகள் மிதந்தன. செல்கள் தாமாகவே வெளியே அனுப்பும் பைகள். அவற்றுக்குச் சாயமேற்றி ஸ்கிளிரோட்டினியாவின் ஸ்போர்களோடு சேர்த்து வைத்தபோது, பூஞ்சை அந்தப் பைகளைத் தன் உள்ளே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டவற்றின் வளர்ச்சி தடைபட்டது, சில செத்தும் போயின. அந்தப் பைகளுக்குள் பாதுகாப்புப் புரதங்கள் இருந்தன.

நகர முடியாத செல், தன் ஆயுதத்தைப் பொட்டலம் கட்டி எதிரியின் உள்ளேயே சேர்க்கிறது! செடிக்கு வெள்ளை அணு இல்லை என்று தொடங்கிய பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

ஜூன் 16, மறுபடியும்

"விதைக்குள்ளும் இப்படி உண்டா?" உண்டு. சூரியகாந்தி விதையிலிருந்து எடுத்த ஹெச்.ஏ. ஏ.பி.10 என்ற சிறு புரதம் ஃப்யூசேரியம் பூஞ்சையைத் தடுப்பதை அதே ஊர் ஆய்வாளர்கள் 2000-ல் காட்டினார்கள்.

ஜூன் 21

வேதியியல் போதும், வடிவத்துக்கு வருகிறேன்.

ஸ்கிளிரோட்டினியாவின் ஸ்போர் கொண்டையில் விழுந்தாலும், நீண்ட நேரம் ஈரம் இருந்தால்தான் உள்ளே போகும். முதலில் வாடிய சிறு பூக்களிலும் உதிர்ந்த மகரந்தத்திலும் முளைத்து வலுப்பெற்று, பிறகுதான் உயிருள்ள தசைக்குள் இறங்கும். அதனால் ஈரம் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி. முற்றிய சூரியகாந்தி கிழக்கு நோக்கியே நிற்கும், காலையில் அதன் முகம் விரைவாகச் சூடேறுகிறது என்று 2016-ல் அளந்து காட்டினார்கள். அந்த ஆய்வு தேனீக்களின் வருகையைப் பற்றியது. ஆனால் பனி நனைந்த கொண்டைகளைக் காலையில் தொட்டுப் பார்க்கும் எனக்கு, சீக்கிரம் சூடாகும் முகம் சீக்கிரம் காயும் என்பதும் முக்கியமாகப் படுகிறது. கொண்டை தாங்கும் விதமும் கவனிக்க வேண்டியது. கிண்ணம் போல மேல்நோக்கிக் குழிந்த கொண்டையின் குழியில் நீர் தங்கும். கவிழ்ந்து தொங்கினால் வடிந்துவிடும்.

நெருக்கமாக விதைத்து, தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இந்த நன்மையெல்லாம் போய்விடும். இலைகள் பின்னிக்கொண்டு காற்றே புகாது.

வயதும் ஒரு காரணம். ஆல்டர்னேரியா இலைக்கருகல் கீழிலைகளிலிருந்து மேலேறுவதையும், பூத்த பிறகு வேகமெடுப்பதையும் எல்லோரும் பார்த்திருப்போம். விதை கட்டும் பருவத்தில் செடி கீழிலைகளிலிருந்து சத்தை உருவி மேலே அனுப்புகிறது. கைவிடப்பட்டுக்கொண்டிருக்கும் இலைக்குப் பாதுகாப்புச் செலவு செய்ய மிச்சமில்லை. அதைச் செடியின் தோல்வி என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை, விதைக்காக அது வைத்திருக்கும் முன்னுரிமை அது.

ஜூன் 24

4-ம் தேதி எழுதியதை மறுபடி படித்தேன். தடைகளைப் பற்றி எழுதியதில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மதில்கள் போல ஒரு தோற்றம் வந்துவிட்டது. அதை விரித்துச் சொல்ல வேண்டும். உயிருள்ள செல்லில் வாழும் எதிரிக்கு எதிராகப் பெரும்பாலும் சாலிசிலிக் அமிலப் பாதை வேலை செய்கிறது, கொன்று தின்னும் எதிரிக்கு எதிராக ஜாஸ்மோனிக் அமிலமும் எத்திலீனும் சேர்ந்த பாதை. இவை இரண்டும் பல நேரங்களில் ஒன்றையொன்று அமுக்கும். செடி ஒவ்வொரு முறையும் வந்திருப்பது யார் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. முடிவு மாறிப்போனால் நல்ல ஆயுதமே தன் மேல் திரும்பிவிடும்.

ஜூன் 25

கேட்டவர்: "சரி, ஒத்துக்கொள்கிறேன். அழுகிய கொண்டைகளை என்ன செய்வது? அடுத்த பட்டத்துக்கும் அதே நிலத்தில் சூரியகாந்தி போடலாமா?"

போடாதீர்கள். பூஞ்சை உறங்கும் அந்தக் கறுப்புக் கட்டிகள் மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். பல பயிர்களில் அவை காளான் போன்ற சிறு கிண்ணங்களை முளைக்கவிட்டுக் காற்றில் ஸ்போர் அனுப்பித்தான் நோயைப் பரப்பும். சூரியகாந்தியில் இன்னொரு வழியும் உண்டு: வேர் பக்கத்தில் வந்தால் கட்டி நேரடியாக இழை நீட்டி வேரைப் பிடித்துவிடும். பிறகு வேரோடு வேர் தொட்டு வரிசையில் அடுத்த செடிக்குப் போகும். வரிசையில் அடுத்தடுத்துச் சில செடிகள் மட்டும் திடீரென்று வாடினால் அடித்தண்டைப் பாருங்கள்.

அழுகிய கொண்டைகளைக் கட்டிகள் உதிர்வதற்கு முன் அகற்றி எரித்துவிடுங்கள். அந்த விதையை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்காதீர்கள், விதை அளவிலேயே இருக்கும் கட்டிகள் அதோடு கலந்து வரும். நிலத்தில் சில வருடங்களுக்குச் சோளம், மக்காச்சோளம், கோதுமை என்று புல் குடும்பப் பயிர்களை மாற்றிப் போடுங்கள், ஸ்கிளிரோட்டினியா அவற்றில் பிழைப்பதில்லை. கடலை, சோயா, கடுகு, பீன்ஸ் வேண்டாம், அவையும் அதற்கு உணவுதான்.

மறுபடி சூரியகாந்திக்குத் திரும்பும்போது அடிச்சாம்பலுக்கு இன எண்ணோடு எதிர்ப்பு எழுதிய ரகமாகவும், கொண்டை கவிழ்ந்து நிற்கும் ரகமாகவும் பாருங்கள், இடைவெளி விட்டு விதையுங்கள்.